சென்னையில் எம்.எட். படிக்க எங்கே சேர்வது: விண்ணப்பம் போடும் முன் செய்ய வேண்டியவை, முழு விவரம்

பி.எட். முடித்த கையோடு எம்.எட். சேர நினைப்பவர்களிடம் பலரும் முதலில் சொல்வது, "எங்கே சேர்ந்தால் என்ன, பட்டம் ஒன்றுதானே" என்பதுதான். பி.எட். அளவில் இந்தப் பேச்சில் ஓரளவு உண்மை இருக்கலாம். எம்.எட்.டில் இல்லை. எம்.எட்.டில் ஆய்வேடு எழுதியாக வேண்டும். பாடங்களை நீங்களே படித்து எழுதிவிட முடியும். ஆய்வேட்டை வழிகாட்டி இல்லாமல் உருப்படியாக எழுத முடியாது. பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, உங்கள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடப்போகும் பேராசிரியர் யார், அவர் உண்மையிலேயே அந்தக் கல்லூரியில் வேலை பார்க்கிறாரா என்பதுதான் உங்கள் இரண்டு ஆண்டுகளைத் தீர்மானிக்கும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்தக் கேள்வியை நோக்கித்தான் போகிறது.

படி 1: எந்த வேலைக்காக என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் உங்கள் இலக்கை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பி.எட். கல்லூரியில் உதவிப் பேராசிரியரா, டயட் எனும் மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளரா, பிஎச்.டி.யா, பள்ளி நிர்வாகமா, பாடத்திட்டம் எழுதும் வேலையா? பதிலைப் பொறுத்துக் கல்லூரி மாறும். சிலருக்குப் படிப்பே மாறும்.

முதுகலை ஆசிரியர் பணிக்கு, அதாவது பி.ஜி. அசிஸ்டென்ட் ஆக, பாட முதுகலையும் பி.எட்.டும்தான் தேவை. அந்தப் பாட முதுகலையின் இடத்தை எம்.எட். நிரப்பாது. கணிதத்தில் பி.எஸ்சி., பி.எட். முடித்தவர் எம்.எட். சேர்ந்துவிட்டு "இனி பி.ஜி. டி.ஆர்.பி. எழுதலாம்" (முதுகலை ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு) என்று நினைத்தால் ஏமாந்துபோவார். அவருக்கு முதலில் வேண்டியது எம்.எஸ்சி. கணிதம்.

கல்வியியல் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் இதே கணக்குதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகளின்படி, பி.எட். கல்லூரியில் கற்பித்தல் முறைப் பாடம் எடுப்பவருக்குப் பாட முதுகலையிலும் 55 விழுக்காடு, எம்.எட்.டிலும் 55 விழுக்காடு வேண்டும். எம்.எட். சேர்க்கைக்கான தகுதி மதிப்பெண்ணோ பி.எட்.டில் 50 விழுக்காடு. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் சிக்கிக்கொள்பவர்கள் நிறைய. எம்.ஏ.வில் 52 எடுத்தவருக்கு எம்.எட். இடம் கிடைத்துவிடும், முடித்த பிறகுதான் பணித் தகுதி இல்லை என்பது தெரியவரும். உங்கள் முதுகலை மதிப்பெண் பட்டியலை இன்றே எடுத்துப் பாருங்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான மதிப்பெண் தளர்வு எவ்வளவு என்பதை அந்தந்தப் பணி அறிவிக்கையில் சரிபாருங்கள். இவற்றோடு நெட், செட் (தேசிய, மாநில அளவிலான உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வுகள்) அல்லது பிஎச்.டி. கேட்பார்கள். நெட் தேர்வில் கல்வியியல் தனிப் பாடமாகவே இருக்கிறது.

அரசுப் பள்ளியில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் ஊக்க ஊதிய உயர்வை நம்பி முடிவெடுக்க வேண்டாம். உயர்கல்விக்கான பழைய ஊக்க ஊதிய முறையைத் தமிழக அரசு 2020இல் நிறுத்திவிட்டது. இப்போது உங்களுக்கு என்ன பலன் கிடைக்கும் என்பதை அலுவலகத்தில் அரசாணையைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 2: எம்.எட்.டா, எம்.ஏ. கல்வியியலா, சிறப்புக் கல்வியா

எம்.எட். தொழில்சார் பட்டம். என்.சி.டி.இ. அங்கீகாரம் கட்டாயம். 2014 விதிகளின்படி இரண்டு ஆண்டு, நான்கு பருவம், குறைந்தது 4 வாரக் களப்பணி, ஒரு ஆய்வேடு. தொடக்கக் கல்வி அல்லது இடைநிலை, மேல்நிலைக் கல்வி என்று சிறப்புப் பிரிவும் எடுக்க வேண்டும். தொடக்கப் பள்ளிகளில் வேலை செய்ய விரும்புகிறவர், இடைநிலைப் பிரிவு மட்டுமே நடத்தும் கல்லூரியில் சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது. எந்தப் பிரிவு நடக்கிறது என்று முன்னாலேயே கேளுங்கள்.

எம்.ஏ. கல்வியியல் வேறு. பி.எட். இல்லாமலும் சேரலாம். இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதைத் தொலைநிலையில் நடத்துகிறது. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் மும்பை டிஸ் எனும் டாடா சமூக அறிவியல் நிறுவனமும் நேரடி வகுப்பாக நடத்துகின்றன. பாடத்திட்டம், கல்விக் கொள்கை, தொண்டு நிறுவனங்கள் என்று போக நினைப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பது எங்கள் கருத்து. பி.எட்.டிலும் எம்.ஏ. கல்வியியலிலும் 55 விழுக்காடு இருந்தால், பி.எட். கல்லூரியில் கல்வியின் அடிப்படைப் பாடங்கள் எடுக்கவும் 2014 விதிகளில் இடமுண்டு. ஆனால், "எம்.எட். தேவை" என்று மட்டும் குறிப்பிடும் அறிவிக்கைக்கு எம்.ஏ.வை வைத்து விண்ணப்பித்தால் சிக்கல்தான்.

சிறப்புக் கல்வியில் எம்.எட். என்றால் பார்க்க வேண்டியது இந்திய மறுவாழ்வுக் குழுமமான ஆர்.சி.ஐ.யின் ஒப்புதல். சென்னையை ஒட்டிய முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இந்தத் துறைக்கு நாட்டின் முக்கியமான இடங்களில் ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் போய்வர முடிபவர்கள் அதன் படிப்புப் பட்டியலைப் பார்க்காமல் வேறு எங்கும் பணம் கட்ட வேண்டாம்.

தொலைநிலை எம்.எட். பற்றி ஒரு வார்த்தை. 2014 விதிமுறைகளில் தொலைநிலை பி.எட்.டுக்கு நெறிமுறை இருக்கிறது, எம்.எட்.டுக்கு இல்லை. பகுதிநேர எம்.எட்.டுக்கும் இல்லை. "வீக் எண்ட் எம்.எட்." என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: அங்கீகார ஆணையை நீங்களே படியுங்கள்

"என்.சி.டி.இ. அப்ரூவ்டு" என்ற பலகை போதாது. அங்கீகாரம் நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கிடைப்பது. பி.எட்.டுக்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு எம்.எட்.டுக்கும் விளம்பரம் செய்வது நடக்கிறது. பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறையாக இருந்தாலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் எம்.எட்.டுக்கு இந்த ஆணை வேண்டும்.

கல்லூரி இணையதளத்திலேயே ஆணையின் நகல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். என்.சி.டி.இ.யின் தென் மண்டலக் குழு கொடுத்த ஆணையாக இருக்கும். அதில் ஐந்து இடங்களைப் பாருங்கள். முதலில் படிப்பின் பெயர், "எம்.எட்." என்று தனியாக எழுதியிருக்கிறதா. இரண்டாவது, அனுமதித்த இடங்கள். ஓர் அலகு என்பது 50 மாணவர். மூன்றாவது, எந்தக் கல்வியாண்டிலிருந்து. நான்காவது, முகவரி. ஆணையில் இருக்கும் முகவரி வேறு, வகுப்பு நடக்கும் கட்டடம் வேறு என்றால் இடமாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கினார்களா என்று கேளுங்கள். ஐந்தாவது, பழைய ஓராண்டு எம்.எட்.டுக்கான ஆணையை மட்டும் காட்டுகிறார்களா என்பது. 2015இல் படிப்பு இரண்டாண்டாக மாறியபோது திருத்திய ஆணைகள் வந்தன. அந்தத் திருத்திய ஆணையைக் கேளுங்கள்.

பிறகு என்.சி.டி.இ. இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலில் அதே பெயரைத் தேடுங்கள். மண்டலக் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளும் அங்கே வெளியாகின்றன. கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடினால் காரணம் கேட்கும் நோட்டீஸ், அங்கீகார ரத்து போன்றவை தெரியவரும். ஆணை பழையதாக இருந்து, நடுவில் ரத்தாகியிருந்தால், பலகை மட்டும் மாறாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது இணைவு. சென்னைக் கல்வியியல் கல்லூரிகள் பொதுவாகத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்தப் பல்கலைக்கழகம் காரப்பாக்கத்தில் இருக்கிறது. அதன் இணைவுப் பட்டியலில் கல்லூரியின் பெயருக்கு நேரே எம்.எட். இருக்கிறதா, நடப்புக் கல்வியாண்டுக்கு இணைவு நீட்டிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இணைவு தொங்கலில் இருந்தால் தேர்வு நேரத்தில் ஹால் டிக்கெட் வராது. அப்போது கல்லூரி வாசலில் நின்று கேட்பதில் பயனில்லை.

இன்னொன்று. எம்.எட்.டை ஓராண்டாக மாற்றும் வரைவு விதிமுறைகளை என்.சி.டி.இ. 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. நீங்கள் சேரும் ஆண்டில் கல்லூரி எந்த விதியின்படி சேர்க்கிறது, எத்தனை பருவம் என்பது விண்ணப்பக் கையேட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழிப் பேச்சை நம்ப வேண்டாம்.

நாக் எனும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அமைப்பு கொடுக்கும் தரம் உதவும். ஆனால் எந்த ஆண்டு கொடுத்தது, காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் ஆசிரியர் கல்விக்கென்று தனிப் பிரிவு இல்லை. "கல்வியியலில் தேசிய அளவில் இத்தனையாவது இடம்" என்று அந்தப் பெயரில் விளம்பரம் வந்தால், அது பல்கலைக்கழகம் முழுவதற்கும் கிடைத்த இடமாகவே இருக்கும்.

படி 4: சென்னையில் எங்கே தேடுவது

தேடலை அரசு நிறுவனங்களில் தொடங்குங்கள். சைதாப்பேட்டை கல்வியியல் மேம்பாட்டு நிறுவனம் 1856இல் வேப்பேரியில் நார்மல் பள்ளியாகத் தொடங்கி, பின்னர் சைதாப்பேட்டைக்கு வந்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஆசிரியர் பயிற்சி பெற்றது இங்கேதான். காமராசர் சாலையில் கடற்கரையைப் பார்த்து நிற்கும் லேடி வில்லிங்டன் நிறுவனம் 1922இல் பெண்களுக்கான பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது. இரண்டிலும் கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. இடங்களும் குறைவு. சேர்க்கை அறிவிப்பு கல்லூரிக் கல்வி இயக்ககம் வழியாக வரும், விண்ணப்பம் இணையவழி. பி.எட். ரிசல்ட்டுக்குப் பிறகு விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் சிலவே என்பதால், அறிவிப்பைத் தவறவிட்டுத் தனியாரில் சேர்ந்தவர்கள் ஏராளம்.

அசோக் நகர் ஸ்டெல்லா மட்டுட்டினா, வேப்பேரி செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், இராயப்பேட்டை மெஸ்டன் போன்றவை நகரத்தின் பழைய கல்வியியல் கல்லூரிகள். இவற்றில் எதில் இந்த ஆண்டு எம்.எட். நடக்கிறது என்பதைப் படி 3இல் சொன்ன முறையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையவை, பட்டம் பல்கலைக்கழகத்துடையது. ரிசல்ட் காலத்தோடு வருவது தன்னாட்சியின் பெரிய நன்மை.

வெளியூர் போக முடிந்தால் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தையும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகக் கல்வியியல் துறையையும் பட்டியலில் சேருங்கள். மைசூரு நிறுவனம் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் இயங்குவது, வளாகத்திலேயே பள்ளி இருக்கிறது. ஆய்வு செய்ய விரும்புகிறவருக்கு இது பெரிய வசதி.

படி 5: நேரில் போய்ப் பாருங்கள்

விண்ணப்பம் போடும் முன் கல்லூரிக்குப் போங்கள். சனிக்கிழமை வேண்டாம். செவ்வாய் அல்லது புதன், காலை 11 மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் எம்.எட். வகுப்பு நடக்கவில்லை என்றால், அந்தக் கல்லூரி எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

50 பேர் கொண்ட ஓர் அலகுக்கு, இரண்டு ஆண்டும் சேர்த்து 100 மாணவருக்கு, 10 ஆசிரியர் வேண்டும் என்கிறது விதி. 2 பேராசிரியர், 2 இணைப் பேராசிரியர், 6 உதவிப் பேராசிரியர். கல்லூரி இணையதளத்தில் போட்டோவோடு இருக்கும் பட்டியலைப் போனில் வைத்துக்கொண்டு போங்கள். அறை வாசலில் இருக்கும் பெயர்ப் பலகைகளோடும் கால அட்டவணையோடும் ஒப்பிடுங்கள். பட்டியலில் 10 பெயர், அட்டவணையில் 4 பெயர் என்றால் மீதி 6 பேர் காகிதத்தில் மட்டும் இருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நூலகத்துக்குப் போங்கள். உங்கள் வேலையில் பாதி அங்கேதான். எம்.எட். ஆய்வேடுகள் இருக்கும் அலமாரியைக் காட்டச் சொல்லுங்கள். கடைசி மூன்று ஆண்டுகளிலிருந்து ஆண்டுக்கு இரண்டாக ஆறு ஏடுகளை எடுத்து மேசையில் பரப்புங்கள். முதலில் தலைப்புகளைப் படியுங்கள். "மேல்நிலை மாணவர்களின் இன்ன மனப்பான்மையும் கல்வி அடைவும்" என்று ஆறும் ஒரே வார்ப்பில் இருந்து, மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறியிருந்தால், அங்கே ஆய்வு நடக்கவில்லை, படிவம் நிரப்பும் வேலைதான் நடக்கிறது.

அடுத்து ஒவ்வொன்றிலும் மூன்றாம் அத்தியாயத்தைத் திறங்கள். ஆய்வுமுறை வழக்கமாக அங்கேதான் இருக்கும். மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்களா, வெறும் எண்ணிக்கையை மட்டும் எழுதியிருக்கிறார்களா? ஆய்வுக் கருவி யாருடையது? வேறு நாட்டில் உருவான வினாத்தாளைத் தமிழாக்கிக் கொடுத்திருந்தால், தமிழ் வடிவத்துக்கு நம்பகத்தன்மைக் கெழு (கருவி ஒரே சீராக அளக்கிறதா என்று காட்டும் எண்) கணக்கிட்டிருக்க வேண்டும். மூல வினாத்தாளின் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் வழிகாட்டி அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான்காம் அத்தியாயத்தில் ஆண், பெண், நகரம், கிராமம், அரசு, தனியார் என்று பிரித்து "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று அட்டவணைக்கு அட்டவணை முடித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பறையை உற்றுநோக்கியது, ஆசிரியரிடம் நேர்காணல் எடுத்தது, ஒரு கற்பித்தல் முறையைச் சில வாரம் செய்து பார்த்தது என்று ஆறில் இரண்டாவது வேறு மாதிரி இருந்தால், அந்த இரண்டின் வழிகாட்டி பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அவரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

அவரிடம் கேட்க வேண்டியவை சில. ஆண்டுக்கு எத்தனை மாணவரை எடுத்துக்கொள்கிறார்? ஐந்து என்றால் சரி, பதினைந்து என்றால் உங்கள் ஏட்டைப் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. தமிழில் ஆய்வேடு எழுதலாமா? தலைப்பை எந்தப் பருவத்தில் முடிவு செய்கிறார்கள்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். சென்னையில் பள்ளிகளில் தரவு திரட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும், மாநகராட்சியின் சென்னைப் பள்ளிகள் என்றால் மாநகராட்சிக் கல்வித் துறையின் அனுமதி. கடிதம் கைக்கு வர வாரங்கள் ஆகும். நவம்பர், டிசம்பரில் மழை விடுமுறை. ஜனவரி வந்தால் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, பிறகு பொதுத் தேர்வு. எந்தத் தலைமையாசிரியரும் அப்போது வெளியாளை உள்ளே விடமாட்டார். தலைப்பை நான்காம் பருவத்தில்தான் பேசுவோம் என்கிற கல்லூரியில், மாணவர்கள் வினாத்தாளைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். முதலாம் ஆண்டு முடிவதற்குள் தலைப்பும் கருவியும் தயாராகி, ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் தரவு திரட்டி முடிக்கும் கல்லூரியே நல்ல கல்லூரி.

மூத்த மாணவர் இருவரிடமாவது வளாகத்துக்கு வெளியே பேசுங்கள். வழிகாட்டி கடைசியாக எப்போது திருத்தம் கொடுத்தார் என்று கேளுங்கள். தேதி சொல்ல முடிகிறவர் படிக்கிறார் என்று அர்த்தம்.

படி 6: பயணமும் பணமும்

ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், வாரம் 36 மணி நேரம், வகுப்புக்கு 80 விழுக்காடு, களப்பணிக்கு 90 விழுக்காடு வருகை என்பது விதி. வகுப்புக் கணக்கில் 200 நாளில் 160 நாள். ஆவடியிலிருந்து ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தால் போக வர எவ்வளவு நேரம் என்பதை, விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை நாளில் காலை நெரிசலில் போய்ப் பாருங்கள். மின்சார ரயிலோ மெட்ரோவோ நேரடியாக இருந்தால், கொஞ்சம் கூடுதல் கட்டணம் உள்ள கல்லூரிகூடக் கட்டுப்படியாகலாம்.

கட்டணத்தை எழுத்தில், நான்கு பருவத்துக்கும் மொத்தமாகக் கேளுங்கள். சுயநிதிக் கல்வியியல் கல்லூரிகளுக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு உச்சவரம்பு வைக்கிறது. கல்லூரி சொல்லும் தொகையை அதோடு ஒப்பிடுங்கள். பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், ஆய்வேட்டுச் சமர்ப்பிப்பு, களப்பணி, பைண்டிங், சுற்றுலா என்று பின்னால் சேர்பவற்றைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். "வருகைக்கு" என்று தனித் தொகை கேட்கும் இடத்தில் சேரவே வேண்டாம். ஆசிரியர்களை உருவாக்கப் போகிறவர் தன் வருகையை விலைக்கு வாங்கி அந்தப் பட்டத்தைப் பெறுவது, நாளை அவரிடம் படிக்கப் போகும் ஆசிரியர்களுக்கும் அவர்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் செய்யும் அநியாயம். பிஎச்.டி. நேர்காணலில் "உங்கள் ஆய்வேட்டில் என்ன கண்டுபிடித்தீர்கள்" என்ற கேள்விக்கே அங்கே பதில் நின்றுவிடும்.

பட்டியல் இன, பழங்குடி மாணவருக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கல்லூரி நூலகம் சிறியது என்பதற்காக ஒரு நல்ல வழிகாட்டியை விட்டுவிட வேண்டாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், பிஎச்.டி. ஆய்வேடுகளை இலவசமாகத் தரும் சோத்கங்கா தளமும் அந்தக் குறையை ஈடுகட்டும்.

படி 7: விண்ணப்பமும் சான்றிதழும்

பத்தாம் வகுப்பு முதல் பி.எட். வரை எல்லா மதிப்பெண் பட்டியல்களும், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பி.எட். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் இவற்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்திருங்கள். வேறு மாநிலத்திலோ வேறு பல்கலைக்கழகத்திலோ பி.எட். முடித்தவர் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். அதைச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தேர்வுப் பதிவு நின்றுபோகும்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 அறிவிக்கை. சேர்க்கையிலிருந்து விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் அளவும் அதில் இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய்க்கு உட்பட்ட நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகை. 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் 90 விழுக்காடு. கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, 16ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரை 50, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அரசுக் கல்லூரி முடிவுக்குக் காத்துக்கொண்டே தனியாரில் இடம் பிடித்து வைப்பவர்கள் இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு இதற்கும் முந்தைய ஒரு வேலை உண்டு. துறையின் முன் அனுமதியும் படிப்புக்கான விடுப்பும் கையில் வந்த பிறகே கட்டணம் கட்டுங்கள். பள்ளி வருகைப் பதிவேட்டிலும் கல்லூரி வருகைப் பதிவேட்டிலும் ஒரே நாளில் உங்கள் கையெழுத்து இருந்தால், சான்றிதழ் உண்மைத்தன்மை சரிபார்ப்பின்போது பட்டமும் போகும், வேலைக்கும் ஆபத்து வரும்.